பெரிய சட்டிக்குள் ஒரு பிடி சீனி

இந்தத் தீவில் சீனி காய்ச்சத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சீனி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைக் கண்டுபிடித்தவன் நான்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ எழுதுகிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். பிறகு அந்த மூட்டைகளுக்கே சொந்தக்காரன் ஆனேன். பிறகு மூட்டை ஏற்றுகிற லொறிக்கும் சொந்தக்காரன் ஆனேன். தெல்தெனியப் பக்கம் நிலம் வாங்கிச் சீனி ஆலை வைக்கப் போகிறேன் என்றபோது கண்டி முழுக்கச் சிரித்தது. "இந்த ஊர்ல தேயிலை ஆலை வைப்பான், கரும்பு ஆலை வைப்பானா?" என்று கேட்டார்கள். மூடிக் கிடந்த ஓர் ஆலையிலிருந்து இயந்திரங்களைப் பழைய இரும்பாக வாங்கி, ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து நிறுத்தினேன். எல்லாம் தயார். சீனி காய்ச்ச ஆள் மட்டும் இல்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் மஹய்யாவயில் ஓர் இனிப்புக் கடைக்குப் பாகில் ஊறிய தேன்குழல் வாங்கப் போனேன். ஒல்லியாக ஒரு மனிதர் பாகுச் சட்டிக்கு அருகில் தலையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஒரு காலுறை. காலில் போடுகிற காலுறைதான்.

"தம்பி, எறக்கு. இன்னும் ஒரு கொதி போச்சுன்னா கல்லாயிடும்" என்றார் அவர்.

"யோவ், நீ தேன்குழல் வாங்க வந்தியா, அடுப்ப வாங்க வந்தியா?" என்றான் கடைக்காரன்.

"எதையும் வாங்க வரலப்பா. ரோட்டுல போனேன். பாகு கத்துச்சு. வந்தேன்."

கடைக்காரன் வேண்டுமென்றே இன்னும் ஒரு கொதி விட்டான். பத்து நிமிடத்தில் கரண்டி சட்டிக்குள் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அவர் சிரிக்கவில்லை. "பாவம், நல்ல பாகு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தேன்குழலை மறந்து நான் பின்னால் ஓடினேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். இள வயதில் ஊரை விட்டுப் போய், வெயில் காயும் பக்கத்துப் பெரிய ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் சீனி காய்ச்சியிருக்கிறார். வீட்டார் தேயிலைக் கொழுந்து கிள்ளினார்கள், இவர் இரண்டு விரலால் பாகைக் கிள்ளினார், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே அவரைப் பாணி மாஸ்டர் என்பார்களாம்; பாணி என்றால் காய்ச்சிய பாகு. கித்துள் மரத்துப் பாணிக்கும் கரும்புப் பாணிக்கும் வித்தியாசம் வாசத்திலேயே சொல்லுவார். உண்மைப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எத்தன சட்டி காய்ச்சியிருப்பீங்க மாஸ்டர்?"

"கணக்கு தெரியாதுங்க. ஆனா ஒன்னும் கெட்டதில்ல."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட இல்லீங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கழுத்து கொஞ்சம் நீளும். மற்ற நேரங்களில் அவரைப் போலப் பணிவான மனிதர் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை மஹய்யாவ சலூனில், பஸ்ஸில், கோயில் வரிசையில், முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அது.

காலுறை எதற்கென்று பிறகு தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாகைத் தொட்டு இழுத்து, கம்பி எவ்வளவு நீளுகிறது என்பதில்தான் அவர் பதம் பார்ப்பார். அந்த இரண்டு விரலும் குளிக்கிற சவர்க்காரம், எண்ணெய், மிளகாய் எதையும் தொடக் கூடாது. பஸ் கம்பியைக்கூடக் காலுறையோடுதான் பிடிப்பார். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். ஆலைக்கு லைசன்ஸ் கொடுக்க வந்த ஐயா கை நீட்டியபோது மாஸ்டர் தன் முழங்கையை நீட்டினார். ஐயா ஒரு கணம் பார்த்தார், பிறகு முழங்கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். இது ஏதோ கரும்புக்காரர்களின் மரியாதை என்று நினைத்துவிட்டார் போல. போகும்போது எனக்கும் முழங்கையை நீட்டிவிட்டுப் போனார்.

பேராதனையிலிருந்து படித்தவர்கள் இரண்டு பேர் ஒருமுறை வந்தார்கள். சாற்றில் ஒரு துளியை வைத்தால் இனிப்பு எவ்வளவு என்று காட்டுகிற கருவி அவர்களிடம் இருந்தது. அவர்கள் துளியை வைக்கும் முன்பே மாஸ்டர் விரலால் தொட்டு ஒரு கணக்குச் சொன்னார். கருவியும் அதையே காட்டியது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள், மூன்றும் அப்படியே. மாஸ்டர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான் நல்ல சாமான்தான். நம்ம சொல்றததான் அதுவும் சொல்லுது" என்று பாராட்டினார்.

வேலைக்குச் சேர அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று. சட்டிக்கு முன்னால் ஒரு மரக் கதிரை, அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. சீனி போடாத பிளேன்டீ. மூன்றாவது, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு மூங்கில் குச்சியின் ஒரு முனையைச் சட்டியின் இரும்பில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே கொதிப்பது எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்லுவார். அந்த நேரத்தில் நான்கூட வாயைத் திறக்க மாட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

கரும்பு வெட்டினால் ஒரு நாளைக்குள் பிழிந்துவிட வேண்டும், தாமதித்தால் சாறு புளித்துவிடும் என்பது அவருடைய முதல் சட்டம். லொறி வாசலுக்கு வந்ததும் கரும்பின் வெட்டு வாயை மோந்து பார்ப்பார். சோதனை ஓட்டத்தன்று முதல் லொறியைத் திருப்பி அனுப்பினார். அது என் லொறி. உள்ளே இருந்தது என் காணிக் கரும்பு.

"மாஸ்டர், அது மொதலாளி கரும்பு" என்று டிரைவர் சொல்லிப் பார்த்தான்.

"அது கரும்புக்குத் தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

முதல் சட்டிக்கான நாள் வந்தது. தெல்தெனியப் பள்ளத்தாக்கில் நாற்பது குடும்பம் என் பேச்சை நம்பிச் சோளத்தைப் பிடுங்கிவிட்டுக் கரும்பு நட்டிருந்தது. அவர்களுக்குத் தலைவர் பெரிய பண்டா. மீசையும் பெரிது, பேச்சும் பெரிது. தமிழை அவர் சந்தையில் கற்றவர், என் சிங்களத்தைப் போல. முந்திய நாளே வந்து சொல்லிவிட்டார்: "முதலாளி, நாளைக்கு சீனி வந்தா நாங்க கரும்பு. வராட்டி நாளன்னைக்கு ட்ரெக்டர் விட்டு எல்லாம் உழுது சோளம். ரெண்டு பேச்சு இல்ல." அவர் சொன்னால் செய்கிற ஆள். கரும்பு போனால் ஆலை மறுபடி பழைய இரும்புதான்.

காலையில் நாற்பது குடும்பமும் பாய், தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பொட்டலம் சகிதம் ஆலை முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று உருளைகள் கரும்பை மென்று சக்கையை ஒரு பக்கம் துப்பின, சாறு இன்னொரு பக்கம் ஓடியது. சக்கையைக் கொதிகலனில் எரித்தவர் பொயிலர் நானா. மடவளை முஸ்லிம், நானா என்றால் அண்ணன். நெருப்போடு வேலை செய்தாலும் கோபப்படாத மனிதர். கரும்பு தன்னைத்தானே எரித்துத் தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்ளும் என்று மாஸ்டர் சொல்லுவார். சாற்றில் சுண்ணாம்பு கலந்து சூடாக்கியதும் அழுக்கெல்லாம் சேறாக அடியில் படிந்தது. மேலே நின்ற தெளிந்த சாறு வரிசையாக நின்ற பாத்திரங்களில் வற்றி வற்றிக் கெட்டிப் பாணியாகி, கடைசியில் பெரிய சட்டிக்கு வந்து சேர்ந்தது.

சட்டி என்றால் வீட்டுச் சட்டி இல்லை. மாடி உயரத்துக்கு நிற்கிற, மூடிய இரும்பு உருளை. உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அதனால் குறைந்த சூட்டிலேயே பாணி கொதிக்கும், கருகாது. பாணி சரியான பதத்துக்கு வந்ததும் மாஸ்டர் விதை போடுவார். மாவாக அரைத்த சீனியைச் சாராயத்தில் கலக்கி ஒரு இருமல் மருந்துப் போத்தலில் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மேலே இருக்கிற சின்னக் கிண்ணத்தில் அதை ஊற்றிக் குழாயைத் திறந்தால் சட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். விதை ஒவ்வொன்றைச் சுற்றியும் சீனி வளரும்.

"பயிர் மாதிரிதாங்க. வெத எல்லாம் ஒரே அளவா இருக்கணும், ஒரே நேரத்துல வுழணும். அப்பதான் மணியும் ஒரே அளவா வரும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி கோயிலிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். செவ்வந்திப் பூ, விபூதி, தேங்காய் மூடி, ஒரு கிண்ணம் சீனி. எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் புது அடுப்பு மூட்டினாலும் முதலில் ஒரு பிடி சீனி போட்டுத்தான் ஆரம்பிப்போம். நான் திறந்த ஒவ்வொரு கடையிலும் அப்படித்தான் செய்தேன், ஒவ்வொரு கடையும் ஓடியது.

மாஸ்டர் தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். விபூதியை இடது கையால் வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு, "அம்மா, சாமி கீழ இருக்கட்டும். சட்டிப் பக்கம் வேணாம்" என்றார்.

அவள் முகம் சுருங்கியது. "மொத மொதல்ல ஒரு பிடி போடாம எப்பிடிங்க?" என்று என் காதில் கேட்டாள்.

"அந்தாள் பாக்காதப்ப போட்டுடலாம்" என்று நான் அவள் காதில் சொன்னேன்.

பாணி பதத்துக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கீழே சுண்ணாம்புத் தொட்டியைப் பார்க்க மாஸ்டர் இறங்கினார். "அஞ்சு நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். யாரும் என்றால் நானும் சேர்த்தியா என்று கேட்கவில்லை. என் ஆலை, என் சட்டி. தட்டிலிருந்த சீனியை ஒரு பிடி அள்ளிச் சட்டி மேலிருந்த சின்னக் கிண்ணத்தில் போட்டுக் குழாயைத் திறந்தேன். பசித்த யானை மாதிரி சட்டி ஒரே இழுப்பாக இழுத்தது. சீனி போனது. சீனியோடு ஒட்டியிருந்த விபூதி போனது. ஒரு செவ்வந்திப் பூவும் போனது. கொஞ்சம் காற்றும் போயிருக்கும், உள்ளே என்னவோ அதிர்ந்தது. நான் குழாயை மூடிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

திரும்பி ஏறி வந்த மாஸ்டர் ஏணியில் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார். மூங்கில் குச்சியை இரும்பில் வைத்தார். கண்ணை மூடினார்.

"யாரோ உள்ள வந்திருக்காங்க" என்றார்.

அவர் மேலே ஓடி வந்து சட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பரப்பி, கழுத்தில் தொங்குகிற பூதக்கண்ணாடியால் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நாலைந்து பெரிய கற்கள், அவற்றைச் சுற்றிப் புழுதி மாதிரிக் கோடிக்கணக்கான தூள்.

"பெரிய பெரிய சீனி உள்ள போயி, சட்டியும் அதிர்ந்து, நேரத்துக்கு முந்தியே எல்லாம் பொறந்துடுச்சு. இதக் கீழ எறக்கினா, பாணியப் பிரிக்கிற சுத்துற மிசின் சல்லடைய அடச்சிரும். பாணி வெளிய போவாது. சீனியும் இல்ல, பாணியும் இல்ல, சேறு."

"இப்ப என்ன செய்யிறது மாஸ்டர்?"

"பொறந்ததையெல்லாம் திருப்பிக் கரைக்கணும். மறுபடி பதத்துக்குக் கொண்டுவரணும்."

யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரி தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

சுடுதண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட ஆரம்பித்தார். கொட்டினால் எல்லாம் வீணாகும், குறைந்தால் தூள் கரையாது. குச்சியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறி, சாயவும் தொடங்கியது. பொயிலர் நானா துண்டால் முகத்தைத் துடைத்தபடி கீழேயிருந்து கூப்பிட்டார்.

"மாஸ்டர், சக்க முடியப் போவுது. இன்னம் அரமணித்தியாலத்துக்குத்தான் ஈக்கு. அதுக்குப் பொறவு ஆவி குடுக்க ஏலாது."

"நானா, எனக்கு ரெண்டு மணித்தியாலம் வேணும்."

"நெருப்புக்கிட்ட நான் கேட்டுப் பாக்குறேன். அது உங்கட சீனி மாதிரி பேச்சுக் கேக்குறதில்ல."

ஆவி நின்றால் சட்டி ஆறிவிடும். ஆறினால் உள்ளே இருப்பது முழுக்க ஒரே பாறை. இதற்குள் முற்றத்தில் சத்தம் கூடிவிட்டது. பெரிய பண்டா ஏணியில் ஏறி வந்துவிட்டார், பின்னால் ஏழெட்டுப் பேர்.

"என்ன முதலாளி, காலையில இருந்து சத்தம் மட்டும் வருது, சீனி வரல. இப்ப எங்க கரும்பு சரியில்லன்னு சொல்லப் போறீங்க, அப்படித்தானே?"

நான் வாயைத் திறந்தேன். நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால், தன் சட்டியைத் தானே கெடுக்கிற முதலாளியை நம்பி எவன் கரும்பு நடுவான்? கரும்பு சரியில்லை என்றால் இன்றைக்கே ட்ரெக்டர். இரண்டு பக்கமும் பள்ளம்.

மாஸ்டர் கதிரையிலிருந்து எழுந்தார்.

"கரும்பு தங்கம் பண்டா ஐயா. மிசினும் நல்ல மிசின்தான். என் கை தப்பிருச்சு. வயசாயிடுச்சுங்க, கொஞ்சம் அசந்துட்டேன்."

பண்டாவின் ஆட்களுக்கு மாஸ்டர்தான் பாணி பாஸ். பண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாணி பாஸுக்குமா? ஒன்னும் கெட்டதில்லன்னு ஊரெல்லாம் சொன்னீங்க."

"இன்னைக்கு ஒன்னு கெட்டுது. சரியாக்கிடலாம். எரிக்கத்தான் சக்கை காணாது."

பண்டா மீசைக்குள் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். விதைத்ததெல்லாம் விளையாது என்று தெரிந்த ஆட்கள் அவர்கள். தப்பை ஒத்துக்கொள்கிற ஆளைக் கண்டால் அவர்களுக்குக் கோபம் தங்காது. பண்டா ஏணியிலிருந்தே முற்றத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டார். அடுத்த அரைமணி நேரத்தில் வயல்களிலிருந்து காய்ந்த கரும்புத் தோகை கட்டுக் கட்டாக வந்தது. பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். ஒருவர் தன் பழைய மாட்டுத் தொழுவத்தின் கூரையைப் பிரித்தே கொண்டு வந்துவிட்டார். நானா, "போதும் போதும், பொயிலர் வெடிச்சிரும்" என்று கத்தும்வரை வந்தது.

தூள் கரைந்தது. பாணி மறுபடி தெளிந்தது. மாஸ்டர் காலுறையைக் கழற்றி, இரண்டு விரலால் பாணியைத் தொட்டு இழுத்தார். மருந்துப் போத்தலைத் திறந்து விதையைக் கிண்ணத்தில் விட்டார். குச்சியைக் காதில் வைத்தார்.

"ஆ, இப்ப பேசுது" என்றார்.

மணி வளர்ந்து கெட்டியானதும் சட்டியின் அடிக்கதவைத் திறந்து இறக்கினார்கள். ஆறவிட்டுச் சுற்றுகிற இயந்திரத்தில் போட்டார்கள். அது விர்ரென்று சுழல, கறுப்புப் பாணி சல்லடைக்கு வெளியே தெறித்து ஓடியது. உள்ளே ஓரமாக, ஈர மணல் மாதிரி, பொன்னும் மண்ணும் கலந்த நிறத்தில் சிவப்புச் சீனி நின்றது. பண்டா ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெதுவாக மென்றார். நாற்பது குடும்பமும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முதலாளி," என்றார், "அடுத்த வருஷம் நான் இன்னும் ரெண்டு காணியில கரும்பு போடுறேன்."

முற்றத்தில் சத்தம் கிளம்பியது. யாரோ வெடி கொளுத்தினார்கள். மாலை போட ஒருவரைத் தேடினார்கள், முதலாளி என்று எனக்கே போட்டார்கள். நானும் கழுத்தைக் கொடுத்தேன். மாஸ்டர் அப்போது சல்லடைக்குள் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். நேராக என்னிடம் வந்தார். சவர்க்காரத்தைக்கூடத் தொடாத அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே பாணியில் ஊறிய ஒரு செவ்வந்தி இதழ் இருந்தது. அதை என் சட்டைப் பையில் வைத்தார்.

"சாமிப் பூ. வீட்டம்மாகிட்ட குடுத்துருங்க" என்றார். பிறகு போய்க் கதிரையில் உட்கார்ந்து ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு நான்கு வெட்டுப் பருவம் வந்து போனது. இன்றைக்கு என் சீனி போகாத கடை கண்டியில் இல்லை. ஒவ்வொரு பருவமும் முதல் சட்டியன்று பண்டாவின் ஆட்கள் ஏணிக்குக் கீழே நின்று, "பாணி பாஸ், இன்னைக்கும் அசந்துடாதீங்க" என்பார்கள். அவர், "ஆமாங்க, வயசாச்சு, பாத்துக்கிறேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்றும் கெட்டதில்லை என்ற அந்த வாக்கியத்தை அவர் பிறகு எங்கேயும் சொல்லவில்லை, சலூனில்கூட.

போன வருடம் மகள் கூப்பிட்டாள் என்று மாத்தளைக்குப் போய்விட்டார். இந்தப் பத்திரிகையை அந்தப் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் வாசிக்கிறாராம், மகள் சொன்னாள். அப்படியென்றால் இந்த வரி அவருக்குப் பெரிதாகவே தெரியும்: அந்த ஒரு பிடி சீனியைப் போட்டவன் நான். பாணி மாஸ்டர் காய்ச்சிய சட்டியில் இன்றுவரை ஒன்றும் கெட்டதில்லை.

பண்டாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நேற்று அவர் வீட்டுக்கே போய், நின்றபடியே, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மீசையைத் திருகினார். பிறகு, "அப்ப நாலு வருஷம் நாங்க தப்பான ஆளைப் பாத்துச் சிரிச்சிருக்கோம்" என்றார். "ஆமா" என்றேன்.

அடுத்த வெட்டுக்கு நாள் பார்த்தாகிவிட்டது. கதிரை சட்டிக்கு முன்னால் அதே இடத்தில்தான் இருக்கிறது, மாஸ்டர். யாரும் உட்காரவில்லை. நான்கூட உட்காரவில்லை.